எட்டடி பீச்சும் படகு

ஏனுங்க, அந்தப் பெட்டி மேல கையை வெக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க, நான் எல்லாருகிட்டயும் இப்படித்தான் சொல்றது. காலைக் கொஞ்சம் அக்கட்ட நகத்திக்குங்க. அது போதுங்க. உக்கடத்துல ஏறினதுல இருந்து நீங்க இதையே பாத்துட்டு வர்றீங்க. நானும் உங்களைப் பாத்துட்டுத்தான் வர்றேன். உடுமலைக்குங்களா? சும்மாதான் கேட்டேன். கோமங்கலத்துல திருமூர்த்தின்னு யாரையாச்சும் தெரியுங்களா? தெரியாதா? நெசமாலுமே தெரியாதா? சரி, அப்பப் பேசலாம்.

உள்ள இருக்கறது படகுங்க. ஏறிப் போற படகு இல்ல. ரெண்டே முக்கால் அடி நீளம், பேட்டரில ஓடும், நாம கரையில நின்னு ரிமோட்ல ஓட்டணும். சிரிக்கறீங்க பாத்தீங்களா? எங்கூட்டுக்காரியும் மொதல்ல இப்படித்தான் சிரிச்சா. அறுவத்திரண்டு வயசுல பொம்மைப் படகான்னு. பொம்மை இல்லீங்க. மணிக்கு அறுவது கிலோமீட்டர் போகும். இந்தப் பஸ்ஸு இப்ப அம்பதைத் தாண்டலை.

இதைத் தூக்கிட்டு அந்தத் திருமூர்த்தி ஊட்டுக்குத்தான் போறேன். அவனே போன் பண்ணிக் கூப்பிட்டான். இருவத்தாறு வருசப் பழக்கமுங்க எங்களுக்குள்ள. அது இன்னும் இருக்குதா, போயே போச்சான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். அஞ்சு வாரமா எனக்குச் சோறு எறங்கலை. அவனுக்கு எறங்குதோ என்னமோ, அதை யாரு கண்டா?

மொதல்ல இருந்தே சொல்லீர்றேன். பொள்ளாச்சி தாண்டியும் நேரம் இருக்குது.

இந்தப் படகுல மோட்டார் சின்னதுங்க, ஆனா கரண்டைக் குடிக்கற குடி இருக்குதே, அப்பப்பா. அதனால சுடும். மோட்டாரும் சுடும், கன்ட்ரோலரும் சுடும். கன்ட்ரோலர்னா பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவால உக்காந்து, எவ்வளவு கரண்டு விடணும்னு பாத்துக்கற பொட்டி. ரெண்டு தீப்பெட்டியை ஒட்டி வெச்ச அளவுதான் இருக்கும். அதுக்குத்தான் சூடு ஆகவே ஆகாது. குளுத்தறதுக்குக் குளத்துத் தண்ணியவே உள்ள விடறது. படகு ஓடற வேகத்துல, பின்னாடி சுக்கான்ல இருக்கற ஓட்டை வழியாத் தண்ணி ஏறும். ட்யூப்ல போயி, கன்ட்ரோலரைக் குளுத்தி, மோட்டாரைச் சுத்தி வந்து, பக்கவாட்டுல இன்னொரு ஓட்டை வழியா வெளிய பீச்சும். தனியாப் பம்பு ஒண்ணும் கெடையாது. வேகம்தான் பம்பு.

இந்தப் படகு ஓட்டற எங்க க்ளப்புல ஒரு வழக்கம் இருக்குதுங்க. ரேஸ்ல ஒருத்தன் ஓட்டுவான், கூட இன்னொருத்தன் படகைத் தண்ணில எறக்கி விடுவான். எறக்கி விட்டவன், படகு ஒரு சுத்து வந்ததும் பக்கவாட்டைப் பாத்துட்டுச் சத்தம் போடணும். 'ஒண்ணுக்குப் போகுதுப்பா'ன்னு. ஆமாங்க, அப்படியேதான். பல் டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, ரெஜினான்னு பேரு, சூலூர்ல பெரிய க்ளினிக்கு. அவங்களும் குளக்கரையில நின்னு அப்படித்தான் கத்துவாங்க. போகுதுன்னா படகுக்கு ஒண்ணும் இல்ல. நின்னு போச்சுன்னா உடனே கரைக்கு இழுத்தரணும்.

திருமூர்த்தி படகை நான் எறக்குவேன். என்ற படகை அவன் எறக்குவான். ஆறு வருசமா ஞாயித்துக்கிழமை ஆனா அப்படித்தான். ரிட்டயரானதும் அவன் கோமங்கலத்துக்குப் போயிட்டானுங்க. ஆனாலும் வெள்ளென மொத பஸ்ல, இந்த மாதிரியே பெட்டியை மடியில வெச்சுட்டு வந்துருவான். எதுக்கு அவ்வளவு தூரம் வர்றான்? அப்ப நான் அதை ரோசனை பண்ணலீங்க. இப்பப் பண்றேன்.

தண்ணியப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பம்பு கம்பெனியில இருந்தவன். கோயமுத்தூர்ல அந்தக் காலத்துல சென்னியப்பன் நின்னு காட்டுனா பம்பு வித்துரும்னு பேரு. விவசாயக் கண்காட்சிக்கு என்னைத்தான் அனுப்புவாங்க. தொட்டிக்குப் பக்கத்துல பம்பை மாட்டி, பைப்பு வாயில சின்னதா ஒரு ரெடியூசரை மாட்டி வெச்சுருவேன். வாய் குறுகுனா தண்ணி எப்படிப் போகும்? சும்மா இருவதடிக்குப் போயி அக்கட்ட நிக்கறவன் வேட்டியை நனைக்கும். விவசாயி வாயைப் பொளந்துட்டுப் பாப்பான். அங்கயே ஆர்டர் எழுதிருவேன். இந்தத் திருமூர்த்தி என்ன பண்ணிட்டிருந்தான்னு நெனைக்கறீங்க? உள்ள டெஸ்டிங்ல இருந்தான். ஒரு டிரம்மு, ஒரு ஸ்டாப் வாட்ச்சு. டிரம்மு எத்தனை விநாடில ரொம்புதுன்னு பாத்து நோட்டுல எழுதறது. அவ்வளவுதான் அவனோட வேலை. நீங்களே சொல்லுங்க, எந்த விவசாயிங்க டிரம்மைப் பாத்துப் பம்பு வாங்கறான்?

அந்த அனுபவத்துலதான் போன மார்கழில நான் ஒரு வேலை செஞ்சேன். என்ற படகுல பக்கவாட்டு ஓட்டை மூணு மில்லிமீட்டர். தண்ணி பொசுபொசுன்னு ஒரு சாண் தூரத்துல விழுகும். பாக்கவே கேவலமா இருக்கும், வயசானவன் போற மாதிரி. லேத்துக்காரன்கிட்டக் குடுத்து, பித்தளையில ஒரு நாசில் கடைஞ்சு வாங்குனேன். ஒரு மில்லி ஓட்டை. அதை மாட்டுனேன் பாருங்க, எட்டடி! கம்பி மாதிரி நேரா எட்டடி பீச்சுது. குளக்கரையே கை தட்டுச்சு. டாக்டரம்மா போட்டோ எடுத்தாங்க. 'சென்னியண்ணன் படகுக்கு இளமை திரும்பிருச்சு'ன்னு ஒருத்தன் கத்துனான்.

கை தட்டாதவன் ஒரே ஒருத்தன். நான் கவனிச்சேன்.

அன்னைக்கே நாலாவது சுத்துல பொகை. கன்ட்ரோலர் கருகிப் போச்சு. திருமூர்த்தி முழங்கால் தண்ணில எறங்கிப் படகை எடுத்துட்டு வந்தான். வந்தவன், நாசில்ல சொட்டிட்டிருந்த தண்ணியை வெரலால தொட்டுப் பாத்தான். 'கை சுடுதுடா சென்னி, தண்ணி பத்தலை'ன்னான். எட்டடி பீச்சற தண்ணி பத்தலையாமா! எனக்கு அப்பவே சுருக்குன்னுது. எல்லாரும் பாக்க அந்த ஓட்டை மேல எதுக்கு வெரலை வெக்கறான்? மொதல்லயும் வெச்சிருப்பானோ? எறக்கி விடும்போது? அதுக்கு அஞ்சு விநாடி போதுமே.

வெளிய சொல்லலீங்க. மனசுக்குள்ள போட்டு வெச்சேன்.

அடுத்த வாரம் அவனே ஊட்டுக்கு வந்தான். கையில புது ட்யூப்பு, நல்ல கெட்டி ட்யூப்பு. 'மோட்டாருக்கு அடியில வளையற எடத்துல உன்ற ட்யூப்பு மடங்கிக் கெடக்குதுடா, தண்ணி அங்கயே திணறுது'ன்னான். உக்காந்து மாத்துனான். சுக்கான்ல தண்ணி ஏறற ஓட்டையை ட்ரில் போட்டுப் பெருசு பண்ணுனான். 'ஒரே வழியில ரெண்டையும் கோக்காத, கன்ட்ரோலருக்குத் தனி, மோட்டாருக்குத் தனின்னு ரெண்டு வழி விடு'ன்னான். மூணு மணி நேரம் வேலை செஞ்சிருப்பான். எங்கூட்டுக்காரி போட்ட காப்பி ஆறிப்போச்சு. கடைசில சொன்னான், 'இத்தனையும் பண்ணி வாயில அந்த நாசில் இருந்தா ஒண்ணுக்கும் ஆகாது. அதைக் கழட்டீரு.'

அதானே பாத்தேன்! அங்கதான் வந்து நிக்கறான். என்ற நாசில் அவன் கண்ணை உறுத்துது. அவன் படகு ஒரு சாண் பீச்சுது, என்ற படகு எட்டடி. நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க? இல்ல, வாய்விட்டுச் சொல்லுங்க. போட்டியில எதிர்ல ஓடறவன், பஸ் ஏறி வந்து, நம்ம படகை ஒக்காந்து மூணு மணி நேரம் ஒக்கிட்டுச் சரி பண்ணுவானுங்களா? இந்தக் காலத்துல யாருங்க அப்படி இருக்கா?

நாசிலை நான் கழட்டலை. ரெண்டாவது கன்ட்ரோலர் தை மாசம் போச்சு. அவன் மாத்தின ட்யூப்போட. கணக்குச் சரியா வருதுங்களா?

அதுக்கப்புறம் படகைப் பீரோவுல வெச்சுப் பூட்டீட்டேன். ஆமாங்க, எங்கூட்டுக்காரி பட்டுச்சேலைக்கு அடியில. சாவி என்ற இடுப்பு அண்ணாக்கயித்துல. அவ தலையில அடிச்சுக்கிட்டா, அடிச்சுக்கட்டும். மாசிப் போட்டிக்குத் திருமூர்த்தியைப் பக்கத்துல விடலை. 'டாக்டரம்மா எறக்கட்டும்'னு சொல்லீட்டேன். அவன் நாப்பதடி தள்ளிப் போயி நின்னான். கையைக் கட்டிக்கிட்டு. தொடலை, பக்கத்துல வரலை. எட்டடி பீச்சுது. டாக்டரம்மா 'ஒண்ணுக்குப் போகுதுங்கண்ணா'ன்னு கத்துனாங்க. மூணாவது சுத்துல பொகை.

பாத்தீங்களா? தொடாமயே எரிச்சிருக்கான்னா அவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கோணும்!

டாக்டரம்மா அவங்க பல்லு பாக்கற சின்னக் கண்ணாடியை விட்டு, லைட்டு அடிச்சு, ட்யூப்பு பூராவும் பாத்தாங்க. 'உள்ள ஒரு தூசி கூட இல்லீங்கண்ணா, சுத்தமா இருக்குது'ன்னாங்க. நான் அதைத்தான் சொல்றேன். குளத்துத் தண்ணி போற ட்யூப்புங்க. ஆகாயத்தாமரை வேரு, பாசி, என்ன கருமமெல்லாம் போகுது. அது எப்படீங்க அவ்வளவு சுத்தமா இருக்கும்? எவனோ தொடைச்சு வெச்சிருக்கான். டாக்டரம்மாவும் அவன் பக்கம்தானோன்னு எனக்கு அப்பவே ஒரு இது.

அப்பத்தான் வாயை விட்டுட்டேன். பதினஞ்சு பேரு நிக்கறாங்க. 'டேய் திருமூர்த்தி, உன்ற படகு ஜெயிக்கறதுக்கு என்ற படகை எரிச்சியாடா?'ன்னேன். அவன் திகைச்சுப் போயிப் பாத்தான். நான் நிறுத்தலை. 'கம்பெனியில பண்ணுனதையே இங்கயும் பண்றியா? அன்னைக்கு என்ற பொழப்பைக் கெடுத்த, இன்னைக்குப் படகைக் கெடுக்கற'ன்னேன்.

அதென்ன கதைன்னு கேக்கறீங்க. அது பழசுங்க. காங்கயத்துப் பக்கம் ஒரு விவசாயி, நான் வித்த பம்புல தண்ணி பத்தலைன்னு கம்பெனிக்கு எழுதிட்டான். கண்காட்சியில பாத்த மாதிரி தொட்டி ரொம்ப மாட்டேங்குதுன்னு. கம்பெனி இவனை அனுப்புச்சு. இவன் டிரம்மைத் தூக்கிட்டுப் போயி, அளந்து, இத்தனை விநாடின்னு உள்ளதை உள்ளபடி எழுதீட்டான். எனக்கு வரவேண்டிய ஏரியா மேனேஜர் வேலை போச்சு. உதிரிப்பாகம் விக்கற கவுண்டர்ல உக்கார வெச்சுட்டாங்க, பதினோரு வருசம். ரெடியூசரா? இல்லீங்க, ரெடியூசரைப் பத்தி அவன் ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதலை. அவனுக்கு நல்லாத் தெரியும், கண்காட்சியில நான் அதை மாட்டியிருந்ததை அந்த விவசாயியே எடுத்துச் சொல்லியிருக்கான். எழுதியிருந்தா என்ற வேலையே போயிருக்கும். ஏன் எழுதலைன்னு நானும் இத்தனை வருசமா ரோசிக்கறேன். கையில ஒரு பிடி இருக்கட்டும்னுதான் எழுதாம விட்டிருப்பான். வேற என்ன?

குளக்கரையில அன்னைக்கு அவன் அதை எடுத்து விட்டிருக்கலாம். பதினஞ்சு பேரு முன்னாடி, 'நீ என்ன பண்ணுனேன்னு சொல்லட்டுமாடா'ன்னு ஒரு வார்த்தை. நானே அதுக்குத்தான் காத்துட்டு நின்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? 'சரி, சென்னி.' அவ்வளவுதான். அவனோட படகைத் தொடைச்சுப் பெட்டியில வெச்சான். டாக்டரம்மா கார்ல கொண்டுபோயி விடறேன்னு கூப்பிட்டாங்க, வேண்டாம்னுட்டான். பெட்டியைத் தூக்கிட்டு ரோட்டுக்கு நடந்து போனான். அவனுக்கு மொழங்கால் வலி வேற. அதுக்கப்புறம் அஞ்சு ஞாயித்துக்கிழமை வரலை.

யாரும் எங்கிட்டச் சரியாப் பேசறதில்லீங்க இப்ப. படகை எறக்கி விடவும் ஆள் இல்ல. நானே எறக்கிட்டு, நானே ஓடி வந்து ரிமோட்டை எடுத்து, நானே 'போகுதுப்பா'ன்னு கத்த வேண்டியிருக்குது. ஒத்தை ஆளாக் கத்துனா என்னமோ பைத்தியக்காரன் மாதிரி இருக்குதுங்க.

என்னுங்க? தண்ணியை அளந்து பாத்தனான்னா கேக்கறீங்க? எதுக்கு அதைக் கேக்கறீங்க? நீங்க எந்தக் கம்பெனி? பேங்க்கா? பேங்க்ல இருக்கறவருக்கு எதுக்குங்க இந்தக் கேள்வி?

பாத்தேன். சொல்றதுக்கென்ன, பாத்தேன். போன செவ்வாக்கெழமை, எங்கூட்டுக்காரி கோயிலுக்குப் போயிருந்தா. சமையக்கட்டுக் கொழாயில ட்யூப்பைச் சொருகி, இன்னொரு முனையில நாசிலை மாட்டி, ஒரு சொம்பை வெச்சேன். சுவர் வரைக்கும் பீச்சுது. சொம்பைத் தள்ளித் தள்ளி வெச்சுப் புடிக்க வேண்டியிருந்துச்சு. சொம்பு ரொம்ப நாப்பத்தோரு விநாடி. நாசிலைக் கழட்டீட்டு வெச்சேன். கொழகொழன்னு பக்கத்துலயே விழுகுது. ஒம்பது விநாடி.

மேல டேங்க்ல தண்ணி ஏறியிருக்கும்னு நெனைச்சேன். போயிப் பாத்தேன், ஏறலை. மறுபடியும் வெச்சேன். நாப்பது. ஒம்பது. மாடியில குடியிருக்கறவங்க கொழாயை மூடி மூடித் தொறக்கறாங்களோன்னு போயிக் கேட்டேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரியாப் பாத்துச்சு. வேற சொம்பை வெச்சேன். கைக்கடியாரத்தை விட்டுட்டுப் போன்ல பாத்தேன். ஏழு தடவைங்க. எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டேன், சொம்பைக் கூட விடலை. ஏழு தடவையும் நாப்பது நாப்பத்தொண்ணு, ஒம்பது. எங்கூட்டுக்காரி வந்து பாக்கறா, சமையக்கட்டு பூராத் தண்ணி, நான் நடுவால உக்காந்திருக்கேன். 'என்னுங்க ஆச்சு?'ன்னா. 'ஒண்ணுமில்ல, கொழாய் ஒழுகுது'ன்னேன்.

அதனால என்னங்கறீங்க? அளவு காட்டுனா அவன் யோக்கியன்னு ஆயிருமா? ஆயிரும்னுதான் நீங்க நெனைக்கறீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. சரி, ஆயிரட்டும். விட்டுத் தள்ளுங்க. என்ற சந்தேகம் இப்ப வேற.

அளந்து பாத்தது செவ்வாக்கெழமை. வியாழக்கெழமை போன் வருது. 'சென்னி, ஞாயித்துக்கெழமை படகைத் தூக்கிட்டு வா. பக்கத்துத் தோட்டத்துல பெரிய குட்டை வெட்டியிருக்காங்க, ஓட்டிப் பாக்கலாம். மத்தியானம் இங்கதான் சாப்பாடு.' பின்னாலயே அவன் சம்சாரம் பேசுது, 'அண்ணா, கோழியா ஆடா?'ன்னு. நான் 'ஆடு'ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்.

எதுக்குங்க கூப்பிடறான்? நான் அவனைப் பேசின பேச்சுக்கு, நானா இருந்தா ஜென்மத்துக்கும் அந்தத் தெருப் பக்கம் போக மாட்டேன். க்ளப்பு ஆளுகளை எல்லாம் வரச் சொல்லி வெச்சு, என்னை நிக்க வெச்சு அளந்து காட்டுவானோ? இருக்கலாம். அப்படிப் பண்ணுனா நல்லதுதாங்க. நாலு பேரு முன்னாடி பேசினதுக்கு நாலு பேரு முன்னாடி வாங்கிக் கட்டிக்கிட்டுப் போயிரலாம். செருப்பைக் கழட்டி அடிச்சாலும் சரி. 'உன்னையக் காப்பாத்துனேனேடா, நாயே'ன்னு ஒரு வார்த்தை கேட்டான்னா, நானும் அழுதுருவேன், முடிஞ்சுது. ஆனா அவன் கேக்க மாட்டானுங்க. அவனை எனக்குத் தெரியும். வந்ததும் படகைத் தொறப்பான், ட்யூப்பைப் பாப்பான், 'வா, ஓட்டலாம்'பான். அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான். அதுக்குத்தாங்க எனக்குப் பயம்.

பொள்ளாச்சி எப்பத் தாண்டுச்சு? கவனிக்கவே இல்ல. கண்டக்டர் கோமங்கலம்னு சத்தம் போடறாருங்க. அட, அதுக்குள்ளயா? நான் இன்னும்... சித்த இருங்க, பெட்டியைப் புடிங்க. பரவால்ல, தொடுங்க, நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்க.

ஏனுங்க, ஜன்னல் பக்கம் நீங்கதான இருக்கீங்க. எட்டிப் பாருங்க. பேக்கரிக்கு முன்னாடி மொபெட்டை நிறுத்திட்டு ஒருத்தன் நிக்கறானா? ஒசரமா, ஒட்டுன கன்னம், நீலச் சட்டை? நிக்கறானா. வந்துட்டானா. நான் எந்த பஸ்ல வர்றேன்னு சொல்லவே இல்லீங்க. அப்படின்னா காத்தாலருந்து எத்தனை பஸ்ஸைப் பாத்துட்டு நின்னிருப்பான்?

எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. என்னால பாக்கத்தான் முடியலை. நீங்க பாத்துச் சொல்லுங்க. கூட ஆள் யாராச்சும் இருக்காங்களா? ஒத்தையிலயா. மூஞ்சியைப் பாருங்க. கோவமா இருக்கானா? நல்லாப் பாருங்க, அவன் கோவப்பட்டா ஒதட்டை மடிச்சுக் கடிப்பான். கடிக்கலையா? நம்மளைப் பாத்துட்டானா? கையை ஆட்டறானா? சிரிக்கறானா?

கொஞ்சங்கூடக் கோவம் இல்லீங்களா? ஐயோ, அப்புறம் நான் எப்படீங்க எறங்கறது?